எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மனித–கணினி ஊடாட்டத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பெண்கள் குழு ஒன்று தன் சேமிப்புக் கணக்கைக் குரல்வழியே பதிவுசெய்ய ஒரு செயலி உருவாக்கினேன். சோதனையின்போது பேட்டியெடுத்த அனைவரும் நன்றாக இருக்கிறது, ரொம்ப உபயோகம் என்றார்கள். சில மாதம் கழித்துப் போனால் ஒருவர்கூடப் பயன்படுத்தவில்லை. மக்களிடம் விழிப்புணர்வு இல்லை என்கிறார் என் நெறியாளர். மனிதர்களைப் புரிந்துகொள்ள நாவல் வாசிப்பு உதவுமா? எதிலிருந்து தொடங்கலாம்?

ச.

அன்புள்ள ச.,

நாவல் வாசியுங்கள். ஆய்வுக்கு உதவும் என்று மட்டும் வாசிக்காதீர்கள். பட்டியலெல்லாம் என்னிடம் கேட்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அனைவரும் நன்றாக இருக்கிறது என்றார்களாம். அதை ஏன் நம்பினீர்கள்?

நான் வேலைபார்த்த அலுவலகத்தில் பேரேடுகளை ஒழித்துவிட்டுக் கணினியைக் கொண்டுவந்தார்கள். மென்பொருளைச் சொல்லிக்கொடுக்க வந்த பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நாள் முழுக்க நின்றபடியே பேசினான். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டோம், முகம் சுளிக்கவில்லை. கடைசியில் ஒரு படிவத்தை நீட்டினான். எல்லாக் கட்டத்திலும் 'மிக நன்று' என்று டிக் அடித்தோம். அந்த மென்பொருளில் ஒரு பதிவைத் திருத்த மேலதிகாரியின் கடவுச்சொல் வேண்டும். அவரோ பாதி நாள் இருக்கையில் இருக்கமாட்டார். இது நடக்காது என்று அன்று மதியமே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பையன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? மறுநாளே ஆளுக்கொரு நோட்டு மேஜை இழுப்பறைக்குள் வந்துவிட்டது. நிஜக் கணக்கு அதில்தான். மாலையில் அதைப் பார்த்துக் கணினியில் ஏற்றுவோம். மேலிடத்து அறிக்கையில் திட்டம் மாபெரும் வெற்றி.

எங்களுக்கு விழிப்புணர்வு போதாது என்று உங்கள் நெறியாளர் சொல்வாரோ என்னவோ.

இதை உங்கள் துறைக்காரர்களே அளந்து பார்த்திருக்கிறார்கள். நிக்கோலா டெல், இந்திராணி மேதி, பில் தீஸ் உள்ளிட்டோர் பெங்களூரில் 450 பேட்டிகள் எடுத்துச் செய்த ஆய்வு 2012இல் வெளியானது. ஒரே மாதிரியான இரண்டு தொழில்நுட்பப் படைப்புகளைக் காட்டி, இது நான் உருவாக்கியது என்று பேட்டியெடுப்பவர் உணர்த்திவிட்டால், அதையே சிறந்தது என்று சொல்லும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு. அவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்த வெளிநாட்டவர் என்றால் ஐந்து மடங்கு. பார்த்தாலே மட்டமாகத் தெரியும்படி கெடுத்துக் காட்டியபோதும் அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். இதைப் படிக்காமல் களத்துக்குப் போனீர்கள் என்றால் எனக்குக் கோபம் வருகிறது. படித்துவிட்டும் அந்தப் பேட்டிகளை நம்பினீர்கள் என்றால் இன்னும் அதிகமாக வருகிறது.

சரி, திட்டியது போதும். அந்தப் பெண்களுக்கு உங்களைப் பிடித்திருக்கிறது. அது சின்ன விஷயமில்லை. செயலிக்கு விழுந்த மதிப்பெண்ணாக அதை எடுத்துக்கொண்டதுதான் தப்பு.

உங்களிடம் சொல்லாமல் அந்தச் செயலியை வைத்து அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிப் பகுதியில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, மீனவர்களுக்காக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். 2004 சுனாமியன்று அதே பகுதியின் நல்லவாடு கிராமத்தில், சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கையை அங்கிருந்த மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து ஊரையே வெளியேற்றினார்கள். சுனாமிக்காக யாரும் அதை அங்கே வைக்கவில்லை. உங்கள் செயலியை அந்தக் குழு அப்படி வேறு எதற்காவது எடுத்துக்கொண்டதா? கேட்டீர்களா?

மறுபடி போங்கள். படிவம் வேண்டாம். கணக்கை இப்போது யார் எழுதுகிறார், எதில் எழுதுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அப்புறம் ஒன்று, ஊகம்தான்: தான் எவ்வளவு சேர்த்திருக்கிறாள் என்பதை வீட்டில் மற்றவர்கள் காதுபட உரக்கச் சொல்ல எந்தப் பெண் விரும்புவாள்? அதுவாக இல்லையென்றால் வேறொரு காரணம் இருக்கும். கண்டுபிடித்து எழுதுங்கள். நெறியாளருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.