மூன்றாம் தரம் சொன்ன விலைதான் மதிப்பா? நாணய ஏலம் பற்றிக் கேள்வி பதில்

மதுரையில் முப்பது ஆண்டுகளாகப் பழங்காசு சேர்க்கிறேன். ஏலத்தில் வாங்கியும் இருக்கிறேன், விற்றும் இருக்கிறேன். அதை வைத்து நம் சுற்று வட்டார நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

திருமங்கலம், கல்லூரி மாணவர்: ஐயா, என்னிடம் மதுரை சுல்தான்கள் காலத்துச் செப்புக்காசு ஒன்று இருக்கிறது. அதே வகைக் காசு சென்ற மாதம் இணைய ஏலத்தில் வழக்கத்தைவிட நான்கு மடங்கு விலைக்குப் போனது. என் காசின் மதிப்பும் இப்போது அதுதானே?

இல்லை தம்பி. அந்த ஏலத்தை ஒரு கணக்காக வைத்துப் பார்ப்போம். ஒருவர் 20,000 ரூபாய் வரை போகத் துணிந்திருந்தார். அடுத்தவர் 9,000 ரூபாயில் நின்றுவிட்டார். ஒவ்வொரு முறையும் கூட்டிக் கேட்க வேண்டிய தொகை, அதாவது ஏலப் படி, 500 ரூபாய். காசு 9,500 ரூபாய்க்கு முடியும். முதலாமவர் மனதில் இருந்த 20,000 வெளியே தெரியவே தெரியாது. அதாவது, விலையை முடிவு செய்தவர் காசை எடுத்தவர் அல்ல, விட்டுக்கொடுத்தவர்.

இப்போது உங்கள் காசை ஏலத்துக்கு அனுப்புகிறீர்கள். முதலாமவருக்குத் தேவை தீர்ந்துவிட்டது, அவர் வரமாட்டார். 9,000 ரூபாய்க்காரர் வருவார். அவரோடு மோதுவது மூன்றாமவர். அந்த மூன்றாமவர் 4,000 ரூபாயோடு நின்றுவிட்டால் உங்கள் காசு 4,500 ரூபாய்க்கு முடிந்துவிடும். உலோகம் அதே, எழுத்து அதே, அரிய தன்மையும் அதே. எதிரே நின்ற ஆள்தான் வேறு. புதிதாக ஒருவர் ஆசைப்பட்டு உள்ளே வந்தால் விலை ஏறவும் செய்யும். ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

இன்னொன்றும் நடக்கும். பெரிய விலை ஒன்று பதிவானதும், பெட்டிகளில் உறங்கிக்கொண்டிருந்த அதே வகைக் காசுகள் வெளியே வரத் தொடங்கும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயக்கர் காலச் செப்புக்காசுக்காக ஒருவரோடு விடாமல் போட்டியிட்டு, கொடுக்க நினைத்திருந்த விலையைவிட மூன்று மடங்கு கொடுத்தேன். ஆறு மாதத்துக்குள் அதே வகையில் மூன்று காசுகள் விற்பனைக்கு வந்தன. என் விலையைப் பார்த்துத்தான் அவை வந்தன என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உசிலம்பட்டி, விவசாயி: அப்படியானால் ஏல விலையைப் பார்த்துப் பயனே இல்லையா அண்ணே?

பயன் உண்டு. எந்த ஏலம் என்று பார்க்க வேண்டும். கோயில் திருவிழாவில் சாமி பாதத்தில் வைத்த எலுமிச்சம்பழம் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு ஏலம் போகிறது. மறுநாள் சந்தையில் எலுமிச்சை அதே பழைய விலைதான். பக்தியும் ஊர் மரியாதையும் சேர்ந்து வந்த விலை அது. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகைக்கு முகூர்த்த நாளில் ஏறும் விலை வேறு ரகம். அங்கே தினமும் ஏராளமானவர்கள் வாங்குகிறார்கள், விற்கிறார்கள். அது சந்தை.

புதுக்கோட்டை சமஸ்தானத்தின் சிறு செப்புக்காசான அம்மன் காசு மல்லிகையைப் போன்றது. நிறையப் புழங்கியது, இன்றும் நிறையக் கிடைக்கிறது, அதன் விலையை யாரும் தனியாக ஏற்றிவிட முடியாது. ஒன்றிரண்டே கிடைத்திருக்கும் சங்ககாலப் பாண்டியர் காசு வகை எலுமிச்சம்பழத்தைப் போன்றது. ஆகவே ஒரே முடிவை நம்பாமல், ஒரே வகை, ஒரே தரத்தில் ஐந்தாறு ஏல முடிவுகளை எடுங்கள். உச்சத்தையும் அடியையும் தள்ளிவிட்டு நடுவில் இருப்பதைப் பாருங்கள். வெளிநாட்டு ஏல விலையை இதில் சேர்க்காதீர்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. லண்டனில் கையை உயர்த்துபவர் உங்கள் காசுக்கு வாங்குபவர் ஆக மாட்டார்.

மேலூர், ஆசிரியை: எண்ணிக்கை குறைவாக இருந்தால் விலை தானாக ஏறும் என்கிறார்களே?

பாதிதான் உண்மை அம்மா. 1911-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில், அரசர் அங்கியில் இருந்த யானை பன்றிபோலத் தெரிகிறது என்று எதிர்ப்பு வந்தது. அச்சிட்டவை சுமார் 94 லட்சம், வெளியே வந்தவை சுமார் 7 லட்சம் மட்டுமே என்பது பதிவு. இருந்தும் 1939-ஆம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய்க்கு நடக்கும் போட்டி இதற்கு நடப்பதில்லை. ஆண்டு வரிசைப்படி காசு சேர்ப்பவர் எல்லோருக்கும் அந்த 1939 காசுதான் நிரம்பாத கடைசி இடைவெளி. பற்றாக்குறையோடு தவிப்பும் சேர வேண்டும்.

அமெரிக்காவின் 1933 இருபது டாலர் தங்கக்காசையும் பாருங்கள். அச்சிட்ட 4,45,500 காசுகளில் பெரும்பாலானவை உருக்கப்பட்டன. தனியார் சட்டப்படி வைத்திருக்கக்கூடிய ஒரே காசு 2002-இல் சுமார் 76 லட்சம் டாலருக்கும், 2021-இல் சுமார் 1.89 கோடி டாலருக்கும் ஏலம் போனது. இடைப்பட்ட 19 ஆண்டுகளில் அந்தக் காசு மேலும் அரிதாகிவிடவில்லை.

1939 ரூபாயின் விலை ஏறியதால் ஒரு தீமையும் வந்தது. 1938 என்பதில் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கி விற்கிறார்கள். லென்ஸ் இல்லாமல் வாங்கவே கூடாது.

சோழவந்தான், வங்கி ஊழியர்: ஏலத்தில் 10,000 என்று முடிந்தால் காசின் மதிப்பு 10,000 தானே?

யாருக்கு 10,000? வாங்குபவர் கமிஷன் 15 சதவீதம் என்று வைத்தால் அவர் கொடுப்பது 11,500, அதற்கு மேல் வரி. விற்பவரிடம் 10 சதவீதம் பிடித்தால் அவர் கைக்கு வருவது 9,000. வாங்கிய மறுநாளே அதே 10,000-க்கு விற்றாலும், வரி போக 2,500 ரூபாய் நஷ்டம். உச்ச வரம்பை முடிவு செய்யும்போது கமிஷனையும் சேர்த்தே முடிவு செய்து, தாளில் எழுதிவைத்துவிட்டு உட்காருங்கள். “ஒரு தரம், இரண்டு தரம்” என்று காதில் விழும்போது எடுக்கும் முடிவு பெரும்பாலும் தவறாகவே போகிறது.

தல்லாகுளம், வியாபாரி: ஆள் வைத்து விலையை ஏற்றுகிறார்களா?

செய்பவர்கள் இருக்கிறார்கள். விற்பவரின் நண்பரே கேட்டு ஏற்றிவிட்டு நழுவப் பார்ப்பார், சில நேரம் காசு அவர் தலையிலேயே விழும். அப்போது அதே காசு, அதே கீறலோடு, சில மாதத்தில் மறுபடி ஏலத்துக்கு வரும். படங்களைச் சேமித்து ஒப்பிட்டால் பிடிபடும். அப்படிப் பதிவான விலை யாரும் பணம் கட்டாத விலை. அதை உங்கள் கணக்கில் சேர்க்கவே கூடாது.

வாடிப்பட்டி, இல்லத்தரசி: ஏலத்துக்கு அனுப்பும் முன் புளி போட்டுத் துலக்கலாமா?

வேண்டவே வேண்டாம் அம்மா. பூஜைக் குடத்துக்குப் புளி நல்லது. காசின் மேல் காலம் பூசிய நிறம்தான் சேகரிப்பவர் தேடுவது. துலக்கிய காசைப் பார்த்ததும் தேர்ந்தவர்கள் ஒதுங்கிவிடுவார்கள், போட்டியே நடக்காது.

பேரையூர், இளைஞர்: உழும்போது கிடைத்த காசுகளை ஏலத்துக்கு விடலாமா?

முதலில் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே அது பொருந்தும்.

செல்லூர், ஓர் அம்மா: என் கணவர் ஒரே வகையில் பதினான்கு காசுகள் விட்டுச் சென்றிருக்கிறார். மொத்தமாக ஒரே ஏலத்தில் கொடுத்துவிடலாமா?

கொடுக்காதீர்கள் அம்மா. திருமங்கலத்துத் தம்பிக்குச் சொன்ன கணக்குதான் உங்களுக்கும். பதினான்கும் ஒன்றாக வந்தால் முதல் காசு நல்ல விலைக்குப் போகும், பத்தாவது காசுக்குக் கேட்க ஆள் இருக்காது. தரத்தில் சிறந்த ஒன்றை முதலில் அனுப்புங்கள், குறைந்தபட்ச விலை குறித்தே அனுப்புங்கள். சில மாதம் கழித்து அடுத்தது. அவர் எழுதிவைத்த குறிப்புகளோ, வாங்கிய ரசீதுகளோ இருந்தால் காசோடு சேர்த்தே வையுங்கள். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லி, பழங்காசை விற்றுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று யாராவது அழைத்தால் போனை வைத்துவிடுங்கள். அப்படி யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று அந்த வங்கியே 2021-இல் அறிவித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பெட்டியை எடுத்து வந்தால் தரவாரியாகப் பிரித்துத் தருகிறேன்.