மலப் பரிசோதனையில் புழு இல்லை, ஆனால் அரிப்பு நிற்கவில்லை. ஏன்?

கேள்வி: என் ஆறு வயது மகள் ராத்திரியானால் ஆசனவாயைச் சொறிந்துகொண்டு தூக்கம் கெட்டு எழுகிறாள். இரண்டு முறை மலப் பரிசோதனை செய்தும் 'முட்டை, புழு எதுவும் இல்லை' என்றே ரிப்போர்ட் வந்தது. வீட்டுக்கு வந்து சேம்பிள் எடுப்பவர், 'ரத்தத்தில் புழு பேக்கேஜ் பாருங்கள், எல்லாம் தெரிந்துவிடும்' என்கிறார். பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். ரிப்போர்ட்டில் தவறில்லை. தேடிய இடம்தான் தப்பு.

நீங்கள் சொல்வது கீரிப்பூச்சி மாதிரி இருக்கிறது. உருண்டைப்புழு, கொக்கிப்புழு எல்லாம் குடலுக்குள்ளேயே முட்டையிடும். அது மலத்தோடு வரும். கீரிப்பூச்சியில் பெண் புழு ராத்திரி வெளியே வந்து, ஆசனவாயைச் சுற்றியுள்ள தோல் மடிப்பில் ஆயிரக்கணக்கான முட்டைகளை ஒட்டிவிட்டுப் போகும். அரிப்பே அதனால்தான். மலத்தில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. சீட்டில் 'மலம், ரொட்டீன்' என்று கிறுக்கி அனுப்புகிறார்கள். எதற்காக என்று எழுதுவதில்லை, லேபிலும் யாரும் கேட்பதில்லை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

செய்ய வேண்டியது டேப் டெஸ்ட். காலையில் குழந்தை எழுந்ததும், மலம் கழிக்கும் முன், கழுவும் முன், கண்ணாடி போன்ற செல்லோடேப்பின் பசைப் பக்கத்தை ஆசனவாயைச் சுற்றி அழுத்தி எடுத்து, லேபில் வாங்கிய ஸ்லைடில் ஒட்டுங்கள். மங்கலான வெள்ளை டேப் வேண்டாம், அதன் வழியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் கிடைக்காமல் போகலாம். அடுத்தடுத்து மூன்று நாள் காலையில் எடுங்கள். அப்புறம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்த முட்டைகள் சில மணி நேரத்திலேயே தொற்றும் நிலைக்கு வந்துவிடும். மைக்ரோஸ்கோப்பில் அவை நிறமில்லாமல், ஒரு பக்கம் தட்டையாக, மறுபக்கம் புடைத்து, உள்ளே சுருண்ட குட்டிப்புழுவோடு தெரியும். ஒருமுறை பார்த்தவர்களுக்கு மறக்காது. வெள்ளை நூல் போன்ற புழுவே கண்ணில் பட்டால் சின்ன டப்பாவில் போட்டுக் கொண்டுபோங்கள், வேலை இன்னும் சுலபம்.

சரி, அந்த பேக்கேஜ். கீரிப்பூச்சியை ரத்தத்தில் தேடிப் பயனில்லை. புழு இருந்தால் ஏறக்கூடிய ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுகூட இதில் பெரும்பாலும் ஏறாது. பத்து டெஸ்ட்டை ஒன்றாகக் கட்டி விற்பவருக்குக் கமிஷன், உங்களுக்கு ஒரு கத்தைக் காகிதம்.

குடல் புழுக்களில் ரத்தப் பரிசோதனை நிஜமாகவே உதவுவது முக்கியமாக ஒன்றுக்கு: ஸ்ட்ராங்கிலாய்டிஸ். அதன் முட்டைகள் குடலிலேயே பொரிந்துவிடுவதால் மலத்தில் வருவது குட்டிப்புழுக்கள், அதுவும் கொஞ்சமாக, விட்டு விட்டு. ஒரு சேம்பிளில் தப்பிவிடும். பழைய மலமாக இருந்தால் இன்னொரு குழப்பம், கொக்கிப்புழு முட்டையும் பொரிந்து அதேபோலத் தெரியும். வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் உடம்பில் இருக்கும் இந்தப் புழு, ஸ்டீராய்டு எடுத்தால் கட்டுக்கடங்காமல் பெருகி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் ஸ்டீராய்டு தொடங்கும் முன் சிலருக்கு இந்த ரத்தப் பரிசோதனையை டாக்டரே எழுதுவார். உங்கள் மகளின் பிரச்சினை அதுவல்ல.

டாக்டரிடம் சீட்டில் 'கீரிப்பூச்சி, டேப் டெஸ்ட்' என்று தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள். முட்டை தெரிந்தால் வீட்டில் எல்லோருக்கும் சேர்த்தே மருந்து கேளுங்கள், இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை.