ஓய்வுநாள் சனிக்கிழமையா, ஞாயிற்றுக்கிழமையா?

பத்துக் கட்டளைகள் சொல்லும் ஓய்வுநாள் சனிக்கிழமை என்றால், கிறிஸ்தவர்கள் ஏன் ஞாயிறு அன்று கோயிலுக்குப் போகிறார்கள்? பலருக்கும் வரும் சந்தேகம்தான்.

ஓய்வுநாளைக் குறிக்கும் 'ஷபாத்' என்ற எபிரேயச் சொல்லின் வேருக்கு 'நிறுத்துதல்' என்று பொருள். யூதர்களுக்கு அது வெள்ளி மாலை தொடங்கி சனி இரவில் முடியும். இயேசு உயிர்த்தெழுந்தது வாரத்தின் முதல் நாள் என்பதால் கிறிஸ்தவர்கள் அன்று கூடத் தொடங்கினார்கள். செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபையார் இன்றும் சனியையே அனுசரிக்கிறார்கள்.

எந்த நாளானாலும், 'நிறுத்துதல்' என்றால் என்ன? கடை ஷட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். பாதி இறக்கி வைத்தால், "அண்ணே, ஒரு பால் பாக்கெட்" என்று யாராவது குனிந்து உள்ளே வந்துவிடுவார். முழுக்க இறக்கினால்தான் லீவு. ஆராதனை முடிந்த கையோடு ஆபீஸ் மெயிலைத் திறப்பதும் பாதி ஷட்டர்தான் (நானும் செய்வதுண்டு).

இடத்துக்கு மரியாதை தருவதும் இப்படி ஒரு நிறுத்தமே. நம் ஊர்க் கோயில்கள் பலவற்றில் செருப்பை வாசலில் விடுகிறோம். பைபிளில், எரியும் முட்செடிக்கு முன் கடவுள் மோசேக்குச் சொன்னதும் அதுதான்.

அப்புறம், ஞாயிறு வழிபாட்டைத் தொடங்கியவர் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் என்பது சரியல்ல. கி.பி. 321-இல் அவர் அதை அரசு விடுமுறையாக்கினார், கிறிஸ்தவர்கள் இரண்டாம் நூற்றாண்டிலேயே ஞாயிறு அன்று கூடிக்கொண்டிருந்தார்கள்.