கொர்பானும் கிறிஸ்துமஸ் நட்சத்திரமும்

அன்புள்ள ஐயா,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்கு அருகிலுள்ள ஒரு கிராமம் என் சொந்த ஊர். சி.எஸ்.ஐ. சபையில் ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்று வளர்ந்தவன். வேலைக்காகக் கோயம்புத்தூர் வந்தபின், நான்கு ஆண்டுகளாக ஒரு சுயாதீனச் சபைக்குப் போய்வருகிறேன். வேதத்தைக் கருத்தாக வாசிக்க அங்கேதான் கற்றுக்கொண்டேன். கிறிஸ்துமஸ், லெந்து நாட்கள், ஈஸ்டர், அறுப்பின் பண்டிகை எல்லாம் மனுஷருடைய பாரம்பரியம் என்றும், டிசம்பர் 25 ரோமர்களின் சூரிய தெய்வத்துக்குரிய நாள் என்றும், மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் இயேசு கண்டித்தது இத்தகைய பாரம்பரியங்களைத்தான் என்றும் எங்கள் போதகர் போதிக்கிறார். அதை ஏற்றுக்கொண்டு, கடந்த இரண்டு கிறிஸ்துமஸுக்கும் நான் ஊருக்குப் போகவில்லை. அப்பா இல்லாத வீட்டில் அம்மா தனியாக நட்சத்திரம் கட்டி, தனியாக விடியற்கால ஆராதனைக்குப் போய்வந்தார்கள். சென்ற ஆண்டு பலகாரம் அனுப்பினார்கள். அதைச் சாப்பிட மனம் ஒப்பாமல் அலுவலக நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டேன். வேதம் கட்டளையிடாத பண்டிகையை ஒரு கிறிஸ்தவன் ஆசரிக்கலாமா? பக்கத்து வீட்டார் கொடுக்கும் பொங்கலையும் மறுக்க வேண்டுமா? நான் சத்தியத்துக்காகத்தான் நிற்கிறேன் என்று நினைக்கிறேன். ஆனாலும் மனதில் சமாதானம் இல்லை.

எஸ்.

அன்புள்ள சகோதரர் எஸ். அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். பண்டிகைகளைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்பாக, நீங்கள் ஆதாரமாகக் காட்டியுள்ள மாற்கு 7-ஆம் அதிகாரத்தை என்னுடன் சேர்ந்து இன்னொருமுறை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எருசலேமிலிருந்து வந்த பரிசேயரும் வேதபாரகரும், சீஷர்கள் கை கழுவாமல் சாப்பிடுவதைக் கண்டு குற்றம் பிடிக்கிறார்கள். இயேசு அவர்களுக்குக் கொடுக்கும் மறுமொழியில், மனுஷருடைய பாரம்பரியத்தைக் கைக்கொள்ளும்படி தேவனுடைய கட்டளையைத் தள்ளிவிடுகிறீர்கள் என்று சொல்லிவிட்டு, அந்தத் தள்ளிவிடுதல் எப்படிப்பட்டது என்பதற்கு ஓர் உதாரணம் காட்டுகிறார். கைகழுவுதலைப் பற்றிய பேச்சில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் தாய் தகப்பனைப் பற்றியது. பெற்றோருக்கு உதவியாகக் கொடுத்திருக்க வேண்டியதைக் "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று ஒருவன் சொல்லிவிட்டால், அதன்பின் அவன் தன் தகப்பனுக்கோ தாய்க்கோ எதையும் செய்யவிடாதபடி அவர்களுடைய பாரம்பரியம் தடுத்தது. தகப்பனையும் தாயையும் கனம்பண்ணச் சொல்லும் தேவனுடைய ஐந்தாம் கட்டளை, தேவனுடைய பெயராலேயே அவமாக்கப்பட்டது. அந்த அதிகாரம் முழுவதிலும் இயேசு ஒரு பண்டிகையின் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

இப்போது உங்கள் கடிதத்தைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். அதில் தனித்திருக்கும் ஒரு தாய் இருக்கிறார், அவர் கையால் செய்த பலகாரம் இருக்கிறது, தேவனுக்கென்று சொல்லி அவருக்கு மறுக்கப்பட்ட இரண்டு வருகைகளும் இருக்கின்றன. நீங்கள் கொர்பான் சொன்னது உங்கள் அம்மாவிடம். இதைக் கடுமையாகச் சொல்ல வேண்டியிருப்பதற்காக வருந்துகிறேன். ஆனால் உங்கள் மனதில் சமாதானம் இல்லாததற்குக் காரணம் விசுவாசக் குறைவு அல்ல என்றும், நீங்கள் கற்ற வேதமே உங்களை உறுத்துகிறது என்றும் நான் நம்புகிறேன்.

நானும் இருபத்தாறு வயதில் இப்படித்தான் இருந்தேன். அப்போது நான் சார்ந்திருந்த கூட்டத்தில் பண்டிகை கொண்டாடுகிறவர்களைப் பெயர்க் கிறிஸ்தவர்கள் என்று சொல்வார்கள். மூன்று டிசம்பர் மாதங்களில் நான் வீட்டுக்குப் போகவில்லை. ஜனவரியில் போகும்போது, என் தாயார் முறுக்கையும் அதிரசத்தையும் ஒரு தகர டப்பாவில் எடுத்து வைத்திருப்பார். "இது பண்டிகைக்குச் செய்தது இல்லைப்பா, நேற்றுத்தான் சுட்டேன்" என்பார். என் மனச்சாட்சிக்காக அவர் பொய் சொல்லும்படி நான் வைத்துவிட்டேன் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

இனி பண்டிகைகளுக்கு வருகிறேன். வேதம் கட்டளையிடாத எந்த நாளையும் ஆசரிப்பது பாவம் என்றால், பூரீம் பண்டிகையை என்ன செய்வது? அது மோசேயின் நியாயப்பிரமாணத்தில் இல்லை. யூதர் அழிவிலிருந்து தப்பியதன் நினைவாக மொர்தெகாயும் எஸ்தரும் அதை ஏற்படுத்தினார்கள் என்றும், அந்நாளில் ஒருவருக்கொருவர் பலகாரங்களும் ஏழைகளுக்கு தானங்களும் அனுப்பும்படி ஜனங்கள் உடன்பட்டார்கள் என்றும் எஸ்தர் 9-ஆம் அதிகாரம் சொல்கிறது. அந்தப் புத்தகத்தின் எபிரெய மூலத்தில் தேவனுடைய பெயரே வரவில்லை. ஆயினும் அது வேதமாக நம் கையில் இருக்கிறது. யோவான் 10-இல் மாரிகாலத்தில் வந்ததாகச் சொல்லப்படும் தேவாலயப் பிரதிஷ்டைப் பண்டிகையும் அப்படிப்பட்டதே. கிறிஸ்துவுக்கு முன் 164-ஆம் ஆண்டில் யூதாஸ் மக்கபேயு தேவாலயத்தைச் சுத்திகரித்ததன் நினைவாக ஏற்பட்ட அந்தப் பண்டிகையின் வரலாறு, நம் புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் இடம்பெறாத மக்கபேயர் நூலில்தான் உள்ளது. அந்த நாளில் இயேசு சாலொமோனுடைய மண்டபத்தில் உலாவிக்கொண்டிருந்தார். அவர் விளக்கேற்றி ஆசரித்தார் என்று வசனம் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் தேவாலயத்தில் வியாபாரம் செய்தவர்களைச் சவுக்கோடு துரத்தியவர், மனிதர் ஏற்படுத்திய அந்தப் பண்டிகைக்கு எதிராக ஒரு வார்த்தையும் பேசவில்லை.

டிசம்பர் 25-ஐப் பற்றி உங்கள் போதகர் சொல்வதில் ஒரு பகுதி வரலாற்றில் உள்ளதே. கி.பி. 274-இல் ரோமப் பேரரசன் அவுரேலியன் வெல்லப்படாத சூரியனுக்குக் கோயில் எழுப்பினான். 354-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு ரோம நாட்காட்டித் தொகுப்பில் டிசம்பர் 25 சூரியனின் பிறந்தநாளாகவும், அதே தொகுப்பின் வேறொரு பகுதியில் கிறிஸ்து பெத்லகேமில் பிறந்த நாளாகவும் குறிக்கப்பட்டிருக்கிறது. கிறிஸ்து கருவில் உருவானதும் சிலுவையில் மரித்ததும் மார்ச் 25 என்று நம்பியவர்கள், அதிலிருந்து ஒன்பது மாதங்களைக் கணக்கிட்டு டிசம்பர் 25-ஐ அடைந்தார்கள் என்று வேறு சில அறிஞர்கள் கருதுகிறார்கள். ஆர்மீனியச் சபை இன்றைக்கும் ஜனவரி 6-இல்தான் கிறிஸ்துவின் பிறப்பை நினைவுகூர்கிறது. எந்த விளக்கம் சரியானாலும், ஆண்டவர் பிறந்த தேதியை வேதம் சொல்லவில்லை என்பது உறுதி. ஆகவே அந்தத் தேதிக்குப் பரிசுத்தம் எதுவும் இல்லை. அதில் தீட்டும் இல்லை. தமிழில் நாம் ஆராதனைக்குக் கூடும் நாளின் பெயரே ஞாயிறு, சூரியன். கிருபாசனத்தின் முன் முழங்கால்படியிடும் எந்த விசுவாசியும் அந்தப் பெயரினால் சூரியனை வணங்கியவன் ஆகிவிடுவதில்லை.

பண்டிகைகளை முற்றிலும் விலக்கப் பார்த்தவர்கள் உங்களுக்கு முன்பும் இருந்தார்கள். அவர்கள் பக்தியில் குறைந்தவர்கள் அல்லர். வேதத்தில் இல்லாத சடங்குகளைச் சபையிலிருந்து நீக்க முனைந்த புராட்டஸ்டண்டுகளான பியூரிட்டன்களின் இங்கிலாந்து நாடாளுமன்றம் 1647-இல் கிறிஸ்துமஸையும் ஈஸ்டரையும் ஒழித்துச் சட்டம் செய்தது; அந்த டிசம்பரில் கான்டர்பரி நகரத்தில் கலகம் மூண்டது. மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறவர்களுக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் இருந்தது. ஆனால் அதே பியூரிட்டன்கள் பஞ்சம் வந்தால் உபவாச நாளையும், வெற்றி கிடைத்தால் ஸ்தோத்திர நாளையும் தாங்களே குறித்து, கடை அடைத்துக் கூடினார்கள். நாட்களை ஏற்படுத்தாமல் மனிதரால் கூடி ஜெபிக்க முடியாது என்பதை அவர்களுடைய நடைமுறையே ஒப்புக்கொண்டது. உங்கள் சபையில் டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை உண்டா? புத்தாண்டுக்கு வாக்குத்தத்த வசன அட்டை கொடுக்கிறார்களா? உண்டென்றால் அதற்காக மகிழ்கிறேன். அதுவும் மனிதர் ஏற்படுத்திய வழக்கமே. ஆண்டின் கடைசி இரவில் விழித்திருந்து ஜெபிப்பது மொரேவியர், மெதடிஸ்டுகள் என்னும் புராட்டஸ்டண்ட் பிரிவினரிடமிருந்து பரவிய 18-ஆம் நூற்றாண்டு வழக்கம். வேதத்தில் அதற்குக் கட்டளை இல்லை.

இவ்வளவும் சொன்னபின், உங்கள் போதகரின் கவலையை நான் அலட்சியப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். பாரம்பரியம் கட்டளையை அவமாக்கும் இடம் நம் பண்டிகைகளில் உண்டு. பண்டிகை வரி கட்ட முடியாத குடும்பம் ஆலயத்துக்கு வரக் கூசுவதும், பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுப்பதற்காக ஒரு தகப்பன் வட்டிக்கு வாங்குவதும் ஆண்டவருக்குப் பிரியமாயிருக்க முடியாது. அதைவிட என்னை வருத்துவது, கீத பவனி எந்தத் தெரு வரைக்கும் போகிறது, எந்தத் தெருவுக்குப் போவதில்லை என்பது. சகல ஜனத்துக்கும் உண்டாகும் சந்தோஷத்தைப் பாடிக்கொண்டு போகும் கூட்டம் சாதி பார்த்துத் திரும்புமானால், மாற்கு 7-ஐ வாசிக்க வேண்டிய இடம் அந்தத் தெருமுனை.

இந்த இடத்தில் நம்முடைய சபை வரலாற்றிலிருந்தே ஒன்றைச் சொல்ல வேண்டும். 1820-களின் இறுதியில் தஞ்சாவூரில் புதிய மிஷனெரிகள், பண்டிகைகளிலும் கல்யாணங்களிலும் பூ வைப்பதையும், ஆராதனையில் தமிழ் இசையோடு கீர்த்தனை பாடுவதையும், சபைக்குள் சாதி பார்ப்பதையும் ஒருசேரத் தடுக்க முனைந்தார்கள். கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் எல்லாவற்றையும் ஒருசேர எதிர்த்து நின்றார். அவருடைய கீர்த்தனைகளைப் பாடி வளர்ந்தவன் நான்; அவர்மேல் எனக்குள்ள அன்பு குறையாது. ஆனால் பூவையும் பாட்டையும் காத்த அதே கையால் அவர் சாதி வேற்றுமையையும் காத்தது பிழை. பூவும் பாட்டும் சாதியும் ஒரே தராசில் வைக்கத்தக்கவை என்று எண்ணியது மிஷனெரிகளின் பிழை. 1833-இல் கல்கத்தா அத்தியட்சர் (பிஷப்) டேனியல் வில்சன் சாதி வேற்றுமை சபையிலிருந்து அடியோடு ஒழிய வேண்டும் என்று கடிதம் எழுதியபோது, அநேகர் சபையை விட்டே விலகினார்கள். பூ அயலானை அவமதிக்கவில்லை, சாதி அவமதிக்கிறது. பாரம்பரியங்களைச் சோதிக்க நான் கொண்டுள்ள அளவுகோல் இதுவே. இதை இயேசு கொர்பானைக் கண்டித்த விதத்திலிருந்தே கற்றுக்கொண்டேன்.

பவுலின் நிருபங்களில் முரண்பாடு இருப்பதாகச் சிலர் சொல்வார்கள். கலாத்தியருக்கு எழுதும்போது நாட்களையும் மாதங்களையும் பார்க்கிறீர்களே என்று பயப்படுகிறார். ரோமருக்கு எழுதும்போது நாட்களை விசேஷித்துக்கொள்ளுகிறவனும் கர்த்தருக்கென்று செய்கிறான், விசேஷித்துக்கொள்ளாதவனும் கர்த்தருக்கென்று செய்கிறான் என்று இருவரையும் ஏற்கிறார். கலாத்தியாவில் நாட்கள் நீதிமானாவதற்கான நிபந்தனையாகச் சுமத்தப்பட்டன. ரோமாபுரியில் அவை நன்றி செலுத்தும் வழியாக இருந்தன. ஆகவே கிறிஸ்துமஸ் ஆசரிக்காதவன் கிறிஸ்தவன் அல்ல என்று உங்கள் ஊர்ச் சபை சொன்னால் அது கலாத்தியரின் பிழை. ஆசரிக்கிறவன் கிறிஸ்தவன் அல்ல என்று உங்கள் கோயம்புத்தூர்ச் சபை சொன்னால் அதுவும் அதே பிழை.

பொங்கலைப் பற்றிய கேள்விக்கு 1 கொரிந்தியர் 10 நேரடியாகவே பதில் தருகிறது. அயலார் அன்பாகக் கொடுத்ததை விசாரியாமல் ஸ்தோத்திரத்தோடு சாப்பிடுங்கள். இது படைக்கப்பட்டது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், அவருடைய மனச்சாட்சிக்காக மரியாதையாக விலகுங்கள். அப்போதும் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள். உங்கள் வீட்டில் உள்ளதை வைத்துக் கொடுங்கள்.

உங்கள் சபையை விட்டுவிடும்படி நான் சொல்லமாட்டேன். ஏறக்குறைய 155-ஆம் ஆண்டில் சிமிர்னா நகரச் சபையின் கண்காணியான (பிஷப்) முதியவர் பாலிகார்ப்பு ரோமாபுரிக்குப் போனார். இன்று நாம் ஈஸ்டர் என்னும் பஸ்காவை எந்த நாளில் ஆசரிப்பது என்பதில் அவருக்கும் ரோமச் சபையின் கண்காணி அனிசேத்துவுக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. பேசியும் ஒருவரையொருவர் இணங்கவைக்க முடியவில்லை. பிறகு தன் சபையில் திருவிருந்தை நடத்தும் கனத்தை அனிசேத்து பாலிகார்ப்புக்குக் கொடுத்தார், இருவரும் சமாதானத்தோடு பிரிந்தார்கள். இதை உங்கள் போதகரிடம் பணிவோடு சொல்லுங்கள். அவர் வேதத்தை நேசிக்கிறவர் என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது; கேட்பார் என்று நம்புகிறேன்.

இந்த டிசம்பரில் 24-ஆம் தேதி பொழுதுசாய்வதற்குள் ஊர் போய்ச்சேரும்படி இப்போதே பயணச்சீட்டு எடுத்துவிடுங்கள். நட்சத்திரம் கட்ட உங்கள் மனம் இடங்கொடுக்காவிட்டால் நீங்கள் கட்ட வேண்டாம். அம்மா கட்டும்போது ஏணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் அவர்களைத் தனியாக அனுப்பாமல் ஆலயம் வரைக்கும் கூடப் போங்கள். உள்ளே உட்கார்வதைப் பற்றி உங்கள் மனச்சாட்சி அங்கே முடிவு செய்யட்டும். திரும்பி வந்தபின், சென்ற ஆண்டு அவர்கள் அனுப்பிய பலகாரத்தை என்ன செய்தீர்கள் என்பதை உங்கள் வாயாலேயே அவர்களிடம் சொல்லிவிட்டு, அவர்கள் தட்டில் வைப்பதைச் சாப்பிடுங்கள்.

அன்புடன்.