ஹெர்பேரியத்துக்காக (உலர்த்திய செடிகளின் தொகுப்புக்காக) அழுத்தி வைக்கும் செடி ஏன் கறுத்துப் பூஞ்சை பிடிக்கிறது?

செடியைத் தினத்தாளுக்குள் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, ஒரு வாரம் கழித்துத் திறந்திருப்பீர்கள். பாரம் இலையைத் தட்டையாக்கும், அவ்வளவுதான். ஈரத்தை இழுப்பது தாள். நனைந்த தாள் அதற்குமேல் எதையும் இழுக்காது.

முதல் தாளை 24 மணி நேரத்துக்குள் மாற்றிவிடுங்கள். இலை அப்போது துவண்டிருக்கும். மடிப்பை நீவிவிடவும், ஓரிரு இலைகளைப் புரட்டி வைக்கவும் அதுதான் தருணம். அடிப்பக்கத்து ரோமமும் சுரப்பிப் புள்ளியும் தெரியாமல் பல இனங்களைப் பிரிக்கவே முடியாது. அடுத்த இரண்டு மூன்று நாள் தினமும் மாற்றுங்கள், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். இலையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

அவசரத்துக்கு ஓவனில் வைக்காதீர்கள், இலை வெந்து கறுத்துவிடும். தாள்களுக்கு நடுவே நெளி அட்டை செருகி, 40 டிகிரியை ஒட்டிய வெதுவெதுப்பான காற்று அதன் வழியே ஓடும்படி செய்தால் போதும். சதைப்பற்றுள்ள செடிகள் அழுத்தி வைத்த பிறகும் உயிரோடிருந்து இலையை உதிர்க்கும். பூவை விட்டுவிட்டு மற்ற பாகத்தைக் கொதிநீரில் சில வினாடி முக்கி எடுத்த பிறகு அழுத்துங்கள். தடித்த காயையும் கிழங்கையும் நெடுக்காக வெட்டி வைக்கலாம்.

'சரியாகச் செய்தும் கறுத்ததே' என்று யாராவது வரலாம். சுடுமல்லி போன்ற ஒட்டுண்ணிச் செடிகள் பெரும்பாலும் எப்படி உலர்த்தினாலும் கறுக்கும். அது உங்கள் குற்றமில்லை.

செடியை அடையாளம் காட்ட மொபைல் செயலி இருக்க இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. புகைப்படத்தில் சூலகத்தை வெட்டிப் பார்க்க முடியாது. உலர்ந்த பூவை வெந்நீரில் ஊறவைத்தால் பல வருடம் கழித்தும் இதழ் விரியும், சூலக அறைகளை எண்ணலாம். 1753-ல் இனங்களுக்கு இருசொற் பெயர் கொடுத்த ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் செடி ஒட்டி வைத்த தாள்களை லண்டனில் இன்றும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

எனக்குள்ள ஆத்திரம் வேறு. பாடத்திட்டத்துக்காக 'இத்தனை தாள் கொடு' என்று எண்ணிக்கை கேட்கிறார்கள், லேபிளை யாரும் படிப்பதில்லை. இடம், தேதி, அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்ட உயரம், சேகரித்தவர் பெயர், சேகரிப்பு எண் இல்லாத தாள் ஆய்வுக்கு அநேகமாக உதவாது. பூவின் நிறம், வாசனை, செடியில் வடியும் பாலின் நிறம், மரமென்றால் அதன் உயரம், பட்டை ஆகியவை உலர்ந்த துண்டில் இருக்காது. செடியை வெட்டிய இடத்தில் நின்றே பென்சிலால் எழுதுங்கள். பேனா மை நனைந்தால் பரவும்.