பிரிட்டிஷ் பேரரசை அமெரிக்கக் கலகக்காரர்களால் எப்படி ஜெயிக்க முடிந்தது?

உலகத்திலேயே பெரிய கடற்படை வைத்திருந்த பிரிட்டனை, ஒழுங்கான ராணுவம்கூட இல்லாத 13 குடியேற்றங்கள் எப்படித் தோற்கடித்தன என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடமாக நான் தேடித் தேடிப் படிக்கிற விஷயம் இது. மரத்துக்குப் பின்னால் ஒளிந்து சுட்டே ஜெயித்துவிட்டார்கள் என்று பலர் சொல்வார்கள். 1775 ஏப்ரலில் லெக்சிங்டனிலிருந்தும் கான்கார்டிலிருந்தும் பிரிட்டிஷ் சிப்பாய்கள் பாஸ்டனுக்குத் திரும்பிய அந்த ஒரு நாளுக்கு அது பொருந்தும். எட்டு வருடப் போருக்கு அது போதாது.

என்னைக் கேட்டால், அமெரிக்கப் படைத்தலைவர் வாஷிங்டனுக்குப் படை கலையாமல் இருந்தாலே பாதி வெற்றி. பிரிட்டனுக்கோ நாட்டைப் பிடிக்கவும் வேண்டும், பிடித்ததைக் காவல் காக்கவும் வேண்டும். நியூயார்க், பிலடெல்பியா, சார்ல்ஸ்டன் என்று பெரிய ஊர்கள் எல்லாம் ஏதோ ஒரு காலத்தில் அவர்கள் கையில் இருந்தவைதான். தலைநகரான பிலடெல்பியா 1777-இல் விழுந்தபோது, குடியேற்றங்களின் பிரதிநிதிகள் சபையான காங்கிரஸின் உறுப்பினர்கள் மூட்டை கட்டிக்கொண்டு யார்க் என்ற சின்ன ஊருக்குப் போய் அங்கே கூட்டம் நடத்தினார்கள். போர் பாட்டுக்கு நடந்தது. ஊரைப் பிடித்த படை நாலு மைல் வெளியே போனால், அங்கே உள்ளூர் ஆட்களின் ராஜ்ஜியம்.

அப்புறம் தூரம். நடுவில் அட்லாண்டிக் கடல். சிப்பாய்க்கு மாவும் உப்புக்கண்டமும் அயர்லாந்தின் கார்க் துறைமுகத்திலிருந்து வர வேண்டும். லண்டனிலிருந்து ஒரு உத்தரவு வந்துசேர இரண்டு மாதம்கூட ஆகும். 1777-இல் பிரிட்டிஷ் தளபதி பர்கோய்ன் கனடாவிலிருந்து படையோடு தெற்கே இறங்கினார். நியூயார்க்கில் இருந்த இன்னொரு பிரிட்டிஷ் தளபதி ஹவ் அவரைச் சந்திக்க வடக்கே வராமல் பிலடெல்பியாவைப் பிடிக்கப் போய்விட்டார். லண்டனில் இருந்த அமைச்சர் இரண்டு திட்டத்துக்கும் சரி சொல்லியிருந்தார்! பர்கோய்ன் சரடோகாவில் மாட்டிக்கொண்டு சுமார் 6,000 பேரோடு சரணடைந்தார். அதைப் பார்த்துத்தான் பிரான்ஸ் 1778 பிப்ரவரியில் வெளிப்படையாகக் கூட்டு சேர்ந்தது. ரகசியமாக வெடிமருந்து அனுப்பிக்கொண்டிருந்தது அதற்கும் முன்பிருந்தே.

படை கலையாமல் இருந்தது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டேன். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஜோசப் பிளம் மார்ட்டினைச் சொல்ல வேண்டும். 15 வயதில் படையில் சேர்ந்த சாதாரணச் சிப்பாய். 1777 டிசம்பரில், நன்றி செலுத்தும் நாள் கொண்டாடச் சொல்லி காங்கிரஸ் உத்தரவு போட்டது. இரண்டு மூன்று நாளாகப் பட்டினி கிடந்தவர்களுக்கு அன்றைக்குக் கிடைத்த விருந்து, ஒரு கைப்பிடி அரிசியும் ஒரு கரண்டி வினிகரும். அதன்பின் வேலி ஃபோர்ஜ் குளிர்காலம். அந்த முகாமில் சுமார் 2,000 பேர் நோயில் செத்தார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு ஸ்டோய்பென் என்ற பிரஷ்ய அதிகாரி அங்கேயே பயிற்சி கொடுத்து, வசந்தம் வரும்போது உண்மையான படையாக நிறுத்தினார்.

தெற்கே அமெரிக்கத் தளபதி நத்தேனியல் கிரீன் செய்தது இன்னும் வேடிக்கை. சண்டைக்குச் சண்டை தோற்றார், பகுதிக்குப் பகுதி மீட்டார். 1781 மார்ச்சில் கில்ஃபோர்டில் களம் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸுக்கு. ஆனால் அவருடைய சுமார் 1,900 பேரில் கால்வாசிக்கு மேல் சேதம். அந்தக் களைத்த படையோடுதான் அவர் வர்ஜீனியாவுக்கு ஏறி, யார்க்டவுனில் கடல்வழி உதவியை நம்பி உட்கார்ந்தார்.

கடல்தான் அவரைக் கைவிட்டது. பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி டி கிராஸ் 28 போர்க்கப்பல்களோடு மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்து, யார்க்டவுனுக்குக் கடல்வழியான செசபீக் விரிகுடாவின் வாயை அடைத்தார். செப்டம்பர் 5 அன்று பிரிட்டிஷ் கப்பல்கள் மோதிப் பார்த்தன. இரண்டு பக்கமும் ஒரு கப்பல்கூட அன்று மூழ்கவில்லை. ஆனாலும் பிரிட்டிஷ் கப்பல்கள் சில நாளில் நியூயார்க்குக்குத் திரும்பின. என் கணிப்பில் போர் முடிந்தது அங்கேதான். யார்க்டவுன் முற்றுகைக்குப் போகும் வழியில் மார்ட்டினுக்கு ஒரு மாதச் சம்பளம் காசாகக் கையில் கிடைத்தது. 1776-க்குப் பிறகு தான் பார்த்த முதல் உண்மையான சம்பளம் என்கிறார். அதுவும் பிரெஞ்சுக்காரர்கள் கொடுத்த கடன். அக்டோபர் 19-இல் கார்ன்வாலிஸின் படை சரணடைந்தது. அவரைக் காப்பாற்ற நியூயார்க்கிலிருந்து கப்பல்கள் புறப்பட்டதும் அதே நாள்.

அந்த யார்க்டவுனில் மார்ட்டின் பார்த்த இன்னொன்று என்னைத் தூங்கவிடவில்லை. விடுதலை கிடைக்கும் என்று நம்பி பிரிட்டிஷ் பக்கம் ஓடிவந்த கறுப்பின அடிமைகளுக்கு அம்மை கண்டதும், முகாமிலிருந்து விரட்டிவிட்டார்கள். காடெங்கும் பிணங்கள், சாகக் கிடக்கிறவர்கள். கையிலும் வாயிலும் கருகிய மக்காச்சோளத் துண்டு. ஜெயித்த பக்கமும் அவர்களுக்கு விடுதலை தருவதாக இல்லை.

நான் கடலூர்க்காரன், ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன். பிரான்ஸ் இறங்கியபின் அது உலகப் போராகிவிட்டது. பிரிட்டன் மேற்கிந்தியத் தீவுகளையும் ஜிப்ரால்டரையும் காக்க வேண்டியிருந்தது, இங்கே ஹைதர் அலியோடும் மோத வேண்டியிருந்தது. ஐரோப்பாவில் பிரான்ஸும் பிரிட்டனும் சமாதானத்தின் முதற்கட்ட ஒப்பந்தத்தில் 1783 ஜனவரி 20-இலேயே கையெழுத்துப் போட்டாயிற்று. அது தெரியாமல் ஜூன் 13-இல் எங்கள் ஊர் மதிலுக்கு வெளியே பிரெஞ்சு, மைசூர்ப் படைகளும் மதராஸிலிருந்து வந்த கம்பெனிப் படையும் மோதி, நூற்றுக்கணக்கானோர் விழுந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கடலிலும் சண்டை. செய்தியோடு கப்பல் வந்துசேர்ந்தபோது ஜூன் மாதக் கடைசி.