நீலக் கரைசலில் இரண்டு உச்சிகள்

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன். டெட்ராமெத்தில் பாரா-ஃபினைலின்டையமீனை மெத்தனால் கலந்த நீரில் கரைத்து, புரோமின் சேர்த்து, நீல நிற ரேடிகல் அயனியை, அதாவது இணையில்லாத தனி எலக்ட்ரான் கொண்ட அயனியை, ஜன்னலோர மேசையில் தயாரித்தேன். நிறமாலையில் 565, 610 நானோமீட்டர் அருகே இரண்டு உச்சிகள். "இரண்டு உச்சி என்றால் இரண்டு பொருள்" என்கிறார் வழிகாட்டி. பாளையங்கோட்டையில் ஒருவர் ஈ.பி.ஆர். (தனி எலக்ட்ரானைக் காந்தப்புலத்தில் கண்டறியும் நிறமாலை) எடுத்துத் தருவதாகப் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். இரண்டு உச்சிகளும் ஒரே பொருளுடையவை.

உங்கள் கையில் இருப்பது வூர்ஸ்டர் நீலம். காசிமிர் வூர்ஸ்டர் என்ற வேதியியலர் 1879-லேயே கண்டது. அமீனாக இருக்கும்வரை அது புற ஊதாவைத்தான் உறிஞ்சும், ஆகவே நிறமில்லை. ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கியதும் மேல் ஆற்றல்மட்டத்தில் ஓர் இடம் காலியாகிறது. பாபநாசம் பஸ்ஸில் முன் இருக்கை காலியானதும் பின்னால் இருப்பவர் எழுந்து போய் உட்காருவதைப் போல, கீழ்மட்டத்து எலக்ட்ரான் ஒன்று அங்கே தாவுகிறது. தூரம் குறைவு, கண்ணுக்குத் தெரியும் ஒளியே போதும். வெறும் தாவல் 610. தாவும்போதே மூலக்கூறின் பிணைப்புகளும் ஒரு படி அதிர்ந்தால் கூடுதல் ஆற்றல் வேண்டும், அது 565. அவ்வளவுதான்.

வழிகாட்டியிடம் வாதம் செய்யாதீர்கள், வரைபடத்தைக் காட்டுங்கள். கரைசலைப் பாதியாக நீர்த்து மறுபடி அளவிடுங்கள். இரண்டு உச்சிகளும் ஒரே விகிதத்தில் தாழ்ந்தால், அயனிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவில்லை என்று தெரியும். நிறம் மங்கும்போதும் இரண்டும் சேர்ந்தே தாழ்ந்தால், இரண்டும் ஒரே பொருளுடையவை என்பதற்கு அது வலுவான சான்று.

அவர் சந்தேகம் வேறோர் இடத்தில் சரியாக இருந்திருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். நம் வயல்களில் களைக்கொல்லியாகத் தெளிக்கிறார்களே பாராகுவாட், அதற்கு ஓர் எலக்ட்ரான் கொடுத்தாலும் நீல ரேடிகல் அயனிதான் கிடைக்கும். அதைக் குடித்துவிட்டவரின் சிறுநீரில் எலக்ட்ரான் கொடுக்கும் டைதயோனைட் சேர்த்து நீலம் வருகிறதா என்று பார்ப்பது இதனால்தான். நீர்த்த கரைசலில் அதன் உச்சி 600-ஐ ஒட்டி இருக்கும். தண்ணீரில் அடர்த்தியைக் கூட்டினால் அயனிகள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொள்ளும். 540 பக்கம் இன்னோர் உச்சி எழும், நீலம் ஊதாவாகும். அங்கே நீர்க்கும்போது விகிதம் மாறும். உங்கள் பொருளும் கடுங்குளிரில் இப்படி இணையும். நம்மூர் வெயிலில் அந்தக் கவலை வேண்டாம்.

மாணவர்கள் வழக்கமாகச் சறுக்குவது புரோமினில். நீலம் போதவில்லை என்று இன்னும் ஊற்றுவார்கள். இரண்டாவது எலக்ட்ரானும் போய்விடும், நிறமும் போய்விடும். இரண்டு மோல் அமீனுக்கு ஒரு மோல் புரோமினே உச்சவரம்பு. அதற்கும் குறைவாகவே நிறுத்துங்கள்.

இனி அந்தப் பணம் கேட்பவர். ஈ.பி.ஆர். பயனுள்ளதுதான், தனி எலக்ட்ரான் எந்த அணுக்களின் மேல் எவ்வளவு பரவியிருக்கிறது என்று சொல்லும். உங்கள் அயனியில் 12 மெத்தில் ஹைட்ரஜன் 13 கோடாகவும், 2 நைட்ரஜன் 5 கோடாகவும், 4 வளைய ஹைட்ரஜன் 5 கோடாகவும் பிரிக்கும்: 13×5×5, கணக்குப்படி 325 கோடுகள். நீர்த்த, ஆக்சிஜன் நீக்கிய கரைசலில்தான் அவை ஓரளவாவது பிரிந்து தெரியும். கூரியரில் இரண்டு நாள் வெயிலில் கிடந்த குப்பியில் என்ன மிஞ்சும்? எனக்கு ஒருமுறை இப்படி ஒருவர் அனுப்பிய தாளில் ஒரே தடித்த கோடு. கரைசலோ அதற்கு முந்தைய நாளே நிறமிழந்துவிட்டது. யாருடைய வரைபடமோ! எவரிடம் கொடுத்தாலும் அச்சிட்ட படத்தை வாங்காதீர்கள். கருவியின் மூலக் கோப்பையும் அதிர்வெண்ணையும் கேளுங்கள். தயங்கினால் திரும்பி வாருங்கள்.

அவசியமென்றால் சென்னை ஐஐடியின் கருவி மையத்தில் நேரடியாக விண்ணப்பித்து, கரைசலை அன்றைக்கே அங்கேயே தயாரிக்க அனுமதி கேளுங்கள். ஒரு வரைபடத்துக்கு ஓர் இரவு ரயில் பயணம். கருவி வாங்கப் பணம் ஒதுக்குபவர்கள் அதை இயக்க ஓர் ஆளை நியமிக்க மட்டும் யோசிக்கிறார்கள். இந்தத் தரகர்கள் முளைப்பது அந்த இடைவெளியில்தான்.

இன்னொன்று: ஜன்னலோர மேசையில் புரோமினைத் திறக்காதீர்கள். புகை உறிஞ்சும் பெட்டி பழுதாகிக் கிடந்தால், சரியாகும்வரை சோதனையை நிறுத்தி வையுங்கள்.